மூக்கில் மணல் மூட்டை

"ஏரோ படிச்ச எங்கண்ணன் இப்போ சென்னையில பைக்ல பிரியாணி கொண்டுபோய்க் குடுத்துட்டுத் திரியுதான்."

கேட்டீர்களா, அண்ணாச்சி? முன் சீட்டுப் பையன் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பதைப் பாருங்கள். இப்படித்தான் ஒரு படிப்பின் பெயர் கெட்டுப்போகிறது. ஒருத்தன் பிரியாணி கொடுத்தால் போதும், பஸ் முழுக்க அதே பேச்சு. அவன் அண்ணன் எந்தக் கல்லூரியில் படித்தான் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. எங்கள் கல்லூரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை.

என் பெயர் அழகியநம்பி. ஏரோநாட்டிக்கல் துறையில் உதவிப் பேராசிரியர். கழுத்தில் கிடக்கிற அட்டையில் போட்டிருக்கிறது, பாருங்கள். படம் பழசு, அப்போது முடி இருந்தது. வாசுதேவநல்லூரில் இரண்டு வீடு, சிவகிரியில் ஒரு வீடு பார்க்க வேண்டும். ஜூலை பிறந்தும் நான் இப்படிப் பஸ்ஸில் அலைவதற்குக் காரணம் ஒரு பிள்ளை. புளியங்குடிப் பிள்ளை. அடுத்தது புளியங்குடிதானே, அதனால் நினைப்பு வந்துவிட்டது. சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மே மாதம் வந்தால் நாங்கள் பாடம் எடுப்பதில்லை, பிள்ளை பிடிக்கப் போவோம். தப்பாக நினைக்காதீர்கள், ஸ்டாஃப் ரூமில் அப்படித்தான் சொல்வோம். தாளாளர் முன்னால் அட்மிஷன் பணி என்போம். ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவனுக்கு ஜூன் சம்பளம் ஆகஸ்டில் வரும். பள்ளிக்கூடங்களில் யாரையாவது பிடித்துப் பிளஸ் டூ பிள்ளைகளின் நம்பரை வாங்குவோம். வீடு வீடாகப் போவோம். கையில் ஒரு பிரசுரம், முன்பக்கம் ராக்கெட் படம். எங்கள் கல்லூரியில் ராக்கெட் கிடையாது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் போடுகிறோம், பிள்ளையார் பந்தியில் வந்து உட்காருகிறாரா? அது மாதிரிதான்.

அப்படித்தான் சங்கரி வீட்டுக்குப் போனேன். அரசு மாதிரிப் பள்ளியில் படித்த பிள்ளை, மார்க் என்றால் மார்க், அப்படி ஒரு மார்க். அப்பா எலுமிச்சம்பழ லாரி ஓட்டுகிறவர். அம்மா முப்பிடாதி, மார்க்கெட்டில் பழம் தரம் பிரிக்கிற வேலை. நான் போன நேரம் அப்பா கேரளாவில். பிள்ளை ஏதோ அகில இந்தியத் தேர்வுக்கென்று ஹாஸ்டலில். வீட்டில் அம்மா மட்டும். எங்கள் வேலைக்கு அதுதான் நல்ல நேரம். பிள்ளை இருந்தால் செல்போனில் தேடிப் பார்த்துக் கேள்வி கேட்கும். அம்மாக்கள் அப்படி இல்லை, உட்காரச் சொல்வார்கள், ஃபேனைப் போடுவார்கள்.

"சங்கரி ராக்கெட்டு படிக்கணும்னுல்லா சொல்லிக்கிட்டு இருக்கா," என்றார் அந்த அம்மா.

"அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்."

பிரசுரத்தைக் கையில் கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.

"இது திருவனந்தபுரத்துக் காலேசா சார்? அவ அந்த ஊரைத்தான் சொல்லுவா."

"அதே படிப்புதாம்மா. பக்கத்துலயே."

நியாயமாகச் சொல்லுங்கள், அண்ணாச்சி, இதில் பொய் எங்கே இருக்கிறது? திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் விண்வெளிக் கல்லூரி ஒன்று இருக்கிறது, உண்மைதான். அங்கே சொல்லிக் கொடுப்பதும் காற்றைப் பற்றித்தான், நாங்கள் சொல்லிக் கொடுப்பதும் காற்றைப் பற்றித்தான். காற்று எல்லா ஊரிலும் ஒன்றுதானே. பக்கத்தில் என்றதும் உண்மை. அதற்கு மலை தாண்ட வேண்டும், இதற்கு ஒரு பஸ் போதும்.

டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தார். தடுப்பூசி அட்டைகூட இருந்தது. "இதுவும் வேணுமா சார்?" என்றார். இருக்கட்டும் என்றேன். எலுமிச்சம்பழச் சாறு உப்புப் போட்டுக் கொடுத்தார், நல்ல ருசி. குடித்துவிட்டு ஃபைலை வாங்கிப் பையில் வைத்தேன்.

ஏன் அசலை வாங்குகிறோம் என்று கேட்பீர்கள். அசல் எங்களிடம் இருந்தால் பிள்ளை எங்களிடம் இருக்கும். நகலைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் நாளைக்கே வேறு கல்லூரி வாசலில் நிற்பான். அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறதாம். நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, பாதுகாக்கிறோம். வீட்டில் இருந்தால் கரையான் அரிக்கும், மழையில் நனையும், தம்பி தங்கச்சி கப்பல் விடும். எங்களிடம் இரும்பு பீரோ இருக்கிறது.

உங்களுக்குப் பேத்தி உண்டா? பத்தாம் வகுப்பா? சரி, சரி. இறங்கும்போது நம்பர் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூனில் போன் வந்தது. காதில் விழாத குரல். நான்தான் இரண்டு தடவை "சத்தமா பேசும்மா" என்றேன்.

"சார், சங்கரி பேசுதேன். புளியங்குடி. எனக்குத் திருவனந்தபுரத்துல ஏரோஸ்பேஸ் கிடைச்சிருக்கு சார். எங்கம்மா குடுத்த சர்டிஃபிகேட் வேணும்."

வாழ்த்துச் சொன்னேன். ஆமாம், சொன்னேன், நான் அப்படிப்பட்டவன் இல்லை. சொல்லிவிட்டு, "நேர்ல வாம்மா, நம்ம கேம்பஸையும் பாத்துட்டு முடிவெடு," என்றேன். எங்கள் வாசலில் நிற்கிற விமானத்தைப் பார்த்து மனசு மாறியவர்கள் எத்தனையோ பேர்.

விமானம் என்றால் நிஜ விமானம். இரண்டு பேர் உட்காருகிற பழைய பயிற்சி விமானம், ஏலத்தில் எடுத்தது. கல்லூரி பஸ்ஸுக்கு அடித்த அதே மஞ்சள் பெயின்ட். இறக்கையில் தாளாளருடைய அப்பா பெயர். சேர வருகிறவர்கள் முதலில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அம்மாவோடு வந்த சங்கரி படம் எடுக்கவில்லை. ஒல்லியான பிள்ளை, தலையைக் குனிந்தே நடந்தாள். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்குக்குக் கீழே நின்று, தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"சார், இன்ஜினை எடுத்துட்டு உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஏன்மா?"

"இன்ஜின் போயிட்டுன்னா முன்பக்கம் லேசாயிரும். வால் தரையில உக்காந்துரும். உக்காரலையே."

எனக்கு ஒரே சந்தோஷம். துறைக்கு இப்படி ஒரு பிள்ளை வந்து எத்தனை வருடம் ஆகிறது. "மணல் மூட்டைம்மா," என்றேன். நானே கூட நின்று, கணக்குப் போட்டு, அடுக்கியது. எம்.இ. படித்ததற்கு அன்றைக்குத்தான் நேரடியாக ஒரு வேலை வந்தது என்றுகூடச் சொல்லலாம். அவளிடமும் அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கூச்ச சுபாவம்.

"விண்ட் டனல் இருக்கா சார்?"

"இருக்கு."

இருக்கிறது, அண்ணாச்சி. மாதிரி விமானத்தை உள்ளே வைத்துக் காற்றடித்துப் பார்க்கிற பெரிய குழாய். குழாய் நன்றாக இருக்கிறது. மோட்டார் மட்டும் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருக்கிறது. பிள்ளைகள் குளிக்க வேண்டாமா? அவள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் கூச்சம்தான்.

பிறகு என் அறையில் உட்காரவைத்து வழி சொன்னேன். வழி சொல்வதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

"பாரும்மா. அங்க போனா நீ கூட்டத்துல ஒருத்தி. டெல்லிக்காரன், ஆந்திராக்காரன், எல்லாரும் உனக்கு முன்னால நிப்பான். இங்க நீதான் ஃபர்ஸ்ட். இங்கேயே பி.இ., அப்புறம் இங்கேயே எம்.இ., அப்புறம் இங்கேயே வேலை."

"என்ன வேலை சார்?"

"என் வேலை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என் மேசையைப் பார்த்தாள், சுவரில் இருந்த தாளாளர் படத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்க எந்த விமானத்துலயாச்சும் வேலை பாத்திருக்கீங்களா?"

"நான் விமானத்தைச் சொல்லிக் குடுக்கிறவன்மா. டாக்டருக்குச் சொல்லிக் குடுக்கிறவர் பேஷன்டா இருந்திருக்கணுமா?"

சரியான பதில்தானே? அந்த அம்மாவுக்குத்தான் புரியவில்லை. "நீங்க திருவனந்தபுரம்னு சொன்னீங்கள்லா சார்," என்று ஆரம்பித்தார்.

"அதே படிப்புன்னுதாம்மா சொன்னேன்."

"நாரத்தங்காயக் காட்டி எலுமிச்சங்காய்ங்கீங்க. எங்க மார்க்கெட்டுல இப்படி விக்கிறவன முதுகுல நாலு வெச்சு அனுப்புவாங்க."

எப்படிப் பேசுகிறார்கள் பாருங்கள், ஒரு பேராசிரியரிடம். நான் பொறுத்துக்கொண்டேன். சான்றிதழ் என் கையில் இல்லை, ஆபீசில் கேளுங்கள் என்றேன். ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நாலு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார்கள். பாரபட்சம் கிடையாது.

அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. போய்விட்டார்கள். சரி, வீட்டில் பேசி முடிவெடுப்பார்கள், நம் ஐந்து பேரில் ஒருத்தி என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு ஓபன் டே, பெற்றோர் வந்து கல்லூரியைப் பார்க்கிற நாள். பந்தல், மைக், சாயங்காலம் கேசரி. வேன் அனுப்பி ஊர் ஊராகப் பெற்றோரைக் கூட்டிவருவோம். அதே நாளில் இந்த அம்மாவும் பிள்ளையும் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் ஆபீஸ் பக்கம் விடவில்லை, அவனுக்கு அப்படி உத்தரவு. வெயில். இரண்டு பேரும் போய் விமானத்தின் இறக்கைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் எல்லாம் விமானத்தைத்தானே முதலில் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் இறக்கையின் ஓரத்தில் தனியாக ஆடுகிற தகட்டைக் காட்டி, "இது எதுக்கு, உடைஞ்சு போச்சோ?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த சங்கரி எழுந்து பதில் சொல்லியிருக்கிறாள். உடையவில்லை, விமானத்தை இடம் வலமாகச் சாய்ப்பதற்கு அதுதான், ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே வரும், பாருங்க என்று கையால் அசைத்துக் காட்டியிருக்கிறாள். அந்தப் பக்கத் தகடும் அசைந்தது. எட்டு வருடமாக அதை அசைக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

நான் பந்தலில் இருந்து ஓடிவந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பேசினாள். சத்தமே இல்லை, ஆனால் சனம் கிட்டப் போய்க் காது கொடுத்துக் கேட்டது. "இந்தக் காலேசுப் பிள்ளைய எப்படித் தயார் பண்ணியிருக்காங்க பாரு," என்று ஒருத்தர் தன் சம்சாரத்திடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. நான் எதற்கு மறுக்க வேண்டும்? எந்த வருடம் படிக்கிறாய் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் பேச்சைக் கேட்ட பெற்றோர்கள் நேரே பந்தலுக்கு வந்து ஃபைலைக் கொடுத்தார்கள். யார் பெயரில் எழுத என்றார் ஆபீஸ் ஆள். நான்தானே பக்கத்தில் நின்றேன். மதியத்துக்குள் என் ஐந்தும் முடிந்து, ஆறாவது ஆளைப் பக்கத்துத் துறை சாருக்குக் கடனாகக் கொடுத்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவை.

தாளாளர் வராந்தாவில் இருந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"நம்பி, யாருய்யா அந்தப் பிள்ளை?"

சொன்னேன்.

"அவ பேசினா பத்து பேரு சேருதான். நீ பேசினா சேரவந்தவனும் எந்திரிச்சுப் போறான். அட்மிஷன் முடியற வரைக்கும் சனிக்கிழமைதோறும் வந்து அங்கனயே நிக்கச் சொல்லு. சாப்பாடு குடுப்போம். முடிஞ்ச பொறவு சர்டிஃபிகேட்டைக் குடுத்துருவோம், பாவம்."

பெரிய மனசு, அண்ணாச்சி. கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பாருங்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கையோடு இரண்டு கேசரியும் கொண்டுபோனேன்.

"வியாழக்கிழமை அங்க சேரணும் சார்," என்றாள்.

"கேட்டுப் பாரு. தேதிய ஒத்தி வைப்பாங்க."

"வைக்க மாட்டாங்க சார். அன்னைக்கு அசலோட போகலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"சரிம்மா, அடுத்த வருஷம் எழுதிக்கோ. இன்னும் வயசு இருக்குல்லா."

அந்த அம்மா கேசரியைத் திருப்பி என் கையில் வைத்தார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்குச் சர்க்கரை ஆகாது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை செய்த காரியம். சுரண்டையில் இருந்து ஒரு தகப்பனாரும் மகளும் வந்திருந்தார்கள். ஃபைலை ஏற்கெனவே பந்தலில் கொடுத்தாகிவிட்டது, என் ஐந்தில் ஒன்று. கிளம்புவதற்கு முன்னால் அந்த மகள் சங்கரியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கள மாதிரி பேசணும்னுதான் நானும் இங்க சேந்திருக்கேன். நல்லா இருக்கும்லா அக்கா?"

சங்கரி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தை, "ஆமா" என்றால் போதும். சாப்பாடு, சனிக்கிழமை, சான்றிதழ், எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

"நான் இங்க படிக்கலை," என்றாள். "எனக்கு வேற காலேஜ்ல கிடைச்சிருக்கு. என் சர்டிஃபிகேட்டை வாங்கத்தான் வந்தேன். குடுக்க மாட்டேங்காங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்போம், அண்ணாச்சி. மைக்கில் பாட்டைப் போட்டு அமுக்கியிருப்போம். மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னால்தான் சனம் நம்புகிறது.

சுரண்டைக்காரர் நேரே பந்தலுக்குப் போனார். "எம்பிள்ளை ஃபைலை எடுங்க," என்றார்.

"சார், உங்க இடம் உறுதியாயிட்டு," என்றார் ஆபீஸ் ஆள்.

"அதான் எடுங்கங்கேன்."

எடுத்துத் தரும்வரைக்கும் நிற்கவில்லை. மேசைக்கு மேலே குனிந்து, அடுக்கில் இருந்து தானே உருவி, கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்த ஆள். அதைப் பார்த்து அடுத்த ஆள். காலையில் வரிசையில் நின்று கொடுத்தவர்கள் சாயங்காலம் வரிசையே இல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். என் ஐந்தும் போயிற்று. கடன் கொடுத்த ஆறாவதும் போயிற்று, அந்த சார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வேனில் வந்தவர்கள் வேனில்கூட ஏறவில்லை, நடந்தே மெயின் ரோட்டுக்குப் போனார்கள்.

நியாயமாகச் சொல்லுங்கள். நிழல் கொடுத்தோம், கேசரி கொடுத்தோம், பேச இடம் கொடுத்தோம். வேறு எந்தக் கல்லூரியில் இப்படி வெளிப்பிள்ளையை நம்பி விமானத்துக்குப் பக்கத்தில் விடுவார்கள்?

தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேசை டிராயரில் இருந்து சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அந்தச் சனியனை எடுத்துக் குடுத்து அனுப்பு. மொதல்ல அந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கக் கீழே போய்விட்டார்.

பீரோ பக்கத்து அறையில். நான் கூட்டிவந்த அந்த அம்மாவும் பிள்ளையும் வாசற்படியிலேயே நின்றார்கள். திறந்தேன். நடுத்தட்டு முழுக்க இந்த வருடப் பிள்ளைகளுடையது. மேல்தட்டு எங்களுடையது, ஆசிரியர்களுடையது. வேலைக்குச் சேருகிற அன்றைக்கு வாங்கி வைப்பார்கள். வருட நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டால் பாடம் யார் எடுப்பது?

அந்தப் பிள்ளைக்குக் கண் சரியான கூர்மை.

"சார், மேல அழகியநம்பின்னு போட்டிருக்கே. அது உங்களுதா?"

"ஆமா."

"அசலா?"

"அசல்தான்."

"என்னைக்குத் தருவாங்க?"

நான் நடுத்தட்டில் அவள் ஃபைலைத் தேடினேன். பதில் தெரியாமல் இல்லை. போன வருடம் பெங்களூரில் ஒரு கம்பெனி, விமான இறக்கைக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். அசலைக் கொண்டுவா என்றார்கள். நகலைக் கொண்டுபோனேன். நல்ல மனிதர்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

"சாவிதான் உங்க கையில இருக்கே சார்," என்றார் அந்த அம்மா. "உங்களுதையும் எடுத்துப் பையில வெச்சுக்கிடுங்க. யாரு பாக்கா?"

சங்கரியின் ஃபைலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அங்கேயே திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தடுப்பூசி அட்டையும் இருந்தது. பீரோவைச் சாத்திப் பூட்டினேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். சாவியைக் கொண்டுபோய்த் தாளாளர் மேசைமேல், அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.